ஏரிக்கரை வரை வெடி வேண்டாம்

தீபாவளி நெருங்கினால் எங்கள் தெருவில் எல்லாரும் துணி எடுக்கப் போவார்கள். என் வீட்டுக்காரர் சாக்கு தேடிப் போவார். உத்திரமேரூரில் அரிசி மண்டிக்காரரிடம் சொல்லி வைத்து, பழைய சணல் சாக்காகக் கேட்டு வாங்கி வருவார். எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த முயல்களுக்காக. டிராக்டர் ஓட்டுகிற மனுஷன், நாளெல்லாம் அந்தத் தடதட சத்தத்திலேயே கிடப்பவர். ஆனால் முயல் கூண்டருகில் வந்தால் செருப்பைக்கூட ஓசைப்படாமல் கழற்றுவார்.

கறிக்காக வளர்க்கவில்லை. அதை ஊர் நம்பவில்லை. "எப்ப அடிக்கப் போற? எனக்கு ஒரு தொடை எடுத்து வையி" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் ஓடியாடியது அந்த நாலைந்து முயல்கள்தான்.

அவர் செய்வதற்கு ஒரு முறை இருந்தது. வெடிச் சத்தம் தொடங்குவதற்கு முன்னாலேயே கூண்டைப் பழைய மாட்டுக்கொட்டகைக்குள் நகர்த்திவிடுவார். பண்டிகையன்றே நகர்த்தினால் புது இடமும் புதுச் சத்தமும் சேர்ந்து அதுகளைக் கலங்கடிக்குமாம். மூன்று பக்கம் சாக்கு தொங்கும், ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கும். உள்ளே ஓடி ஒளிய, வைக்கோல் நிறைத்த மரப்பெட்டி. பக்கத்தில் ரேடியோ சன்னமாகப் பாடிக்கொண்டே இருக்கும். பண்டிகையன்று விடிந்தும் விடியாமலும் தெரு அதிரும்போது, எண்ணெய் தேய்த்த தலையோடு கொட்டகையில் குந்தியிருப்பார். ஆனால் அதுகளைத் தூக்க மாட்டார்.

"பயந்து கெடக்கறப்ப தூக்குனா ஒதறிக்கும், முதுகு ஒடிஞ்சிடும். நாம பக்கத்துல குந்திக்கினு இருந்தாலே போதும்" என்பார்.

"பொண்டாட்டி புதுப்புடவ கட்டிக்கினு நிக்கிறா, அவகிட்ட குந்த ஆளக் காணோம்" என்று நான் குத்துவேன். காதில் வாங்கவே மாட்டார்.

போன ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, கொட்டகைக்கு நகர்த்தியிருந்த கூண்டில் பெட்டை முயல் குட்டி போட்டது. தன் மயிரைத் தானே பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டிருந்தது. கண் திறக்காத, மயிர் முளைக்காத சிவப்புக் குட்டிகள். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் தெரிந்தது.

"இப்ப கிட்டக்க ஒரு வெடி வெடிச்சா, பயத்துல இதுவே பெட்டிக்குள்ள குதிச்சி குட்டிங்கள மெதிச்சிடும். தின்னாலும் தின்னுடும்" என்றார்.

மறுநாள் மதியம் மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் வெடி உண்டு. பாடையைத் தூக்கும்போது வாசலிலேயே முதல் சரத்தைக் கொளுத்துவார்கள். சுடுகாடு வரை வெடித்துக்கொண்டே போவார்கள். எவ்வளவு வெடியோ அவ்வளவு மரியாதை. நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மேளம் தெருக்கோடியில் அடித்துக்கொண்டிருந்தது. அவரோடு டிராக்டர் ஓட்டியவர் ஒருவர், சரவெடியை மாலைபோலத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெட்டிக்குள் கிடந்த அந்தச் சிவப்புக் குட்டிகள்தான் கண்ணில் நின்றன. எழுந்து வாசலுக்குப் போனேன்.

பிணத்தை விட்டுப் பெண்டாட்டி எழுந்து போவதா என்று பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"இங்க வெடிக்காதீங்க. ஏரிக்கர தாண்டுற வரிக்கும் ஒண்ணுகூட கொளுத்தக் கூடாது. அப்பால எவ்ளோ வேணா வெடிங்க" என்றேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன், கொள்ளி வைக்க வேண்டியவர், ஈர வேட்டியோடு நின்றிருந்தார். "இன்னாம்மா பேசற? வெடி இல்லாம எடுத்தா நாதியத்தவன்னு சொல்ல மாட்டானா ஊர்ல? எந்தம்பி அப்பிடியா?"

"பின்னால முயலு குட்டி போட்டுக்கீது மாமா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு! அந்த அவமானம் இன்றும் எனக்கு ஆறவில்லை. பெரியவர் முகம் சிவந்துவிட்டது. "மனுசன் செத்துக் கெடக்கறான், ஒனக்கு முயலு பெருசா பூட்ச்சா?"

"எனக்கில்ல மாமா. அவருக்கு."

சரவெடி வைத்திருந்தவர்தான் அதைத் தோளிலிருந்து இறக்கினார். "வேணாங்க. இங்க கொளுத்துனா அண்ணன் எயிந்து வந்து என்ன ஒதைக்கும். தீவாளிக்கு இங்க வெடிச்சி வருசா வருசம் அதுகிட்ட திட்டு வாங்குனவன் நான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே அழுகை வந்துவிட்டது.

பெரியவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, தூக்குங்கடா" என்றார்.

ஒரு வெடிகூட இல்லாமல் அவரை வாசலிலிருந்து எடுத்துப் போனார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனை வரை போனோம். அதற்கு அப்பால் பெண்கள் போவதில்லை. திரும்பி வந்ததும் வீடு கழுவத் தண்ணீர் இறைத்தார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் கொட்டகைக்குப் போனேன். தாய் முயல் கூண்டு மூலையில் ஒடுங்கியிருந்தது. பெட்டிக்குள் மயிர் மெத்தை மெல்ல ஏறி இறங்கியது. குட்டிகள் உயிரோடுதான் இருந்தன. பக்கத்தில் குந்தினேன்.

கொஞ்ச நேரத்தில் சரம் வெடிக்கத் தொடங்கியது. வெகு தூரத்தில், ஓட்டின்மேல் மழை விழுவதுபோலக் கேட்டது. முயல் பின்னங்காலால் பலகையை ஒருமுறை தட்டியது. காதை விடைத்துக்கொண்டு அப்படியே நின்றது. பெட்டிக்குள் குதிக்கவில்லை.

ஏரிக்கரையைத் தாண்டிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. வெடி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. வாய்விட்டு அலறினால் முயல் மிரளும். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதேன்.