மில்ட்ரெட் வேலையில் இல்லாத வியாழக்கிழமை

புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மில்ட்ரெட் அலுவலக உதவியாளராக ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். காகிதத்தில் பார்த்தால் மட்டும் எப்போதும் புது ஆள். சம்பளம் போடுவது கம்பெனி இல்லை, ஏஜென்சி. கம்பெனி ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது போக மிச்சத்தை அவள் கணக்கில் போடும். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பிரேக். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று பின்னாளில் யாரும் வந்து நின்றுவிடக் கூடாதே, அதற்காக.

இதில் வேடிக்கை, முந்நூற்றுப் பன்னிரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் நிறுத்தக் கடிதம் தட்டச்சு செய்வதே மில்ட்ரெட்டின் வேலை. அவளுடையதும் அந்தக் கட்டுக்குள்தான் வரும். பழைய கடிதம் "உங்கள் சேவை இனித் தேவையில்லை" என்று வெடுக்கென்று முடியும். மனசு கேட்காமல் "எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்று அவளே ஒரு வரி சேர்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த வாழ்த்து தன் கைக்கும் வரும்போது, எழுதியவள் தான்தான் என்று தெரிந்தும், கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும்.

பழைய மேனேஜர் இருந்தவரை, பிரேக் ஞாயிற்றுக்கிழமை விழுகிற மாதிரி அவள் தேதியைப் பார்த்துக்கொள்வாள். புதிதாக வந்த கௌஷிக் அப்படி இல்லை. புனே சாங்வியிலிருந்து காரில் வருகிற தமிழன், வயது முப்பத்தொன்று, எல்லாவற்றுக்கும் சிஸ்டம் உண்டு என்று நம்புகிறவன்.

"சார், இந்தத் தடவை பிரேக் ஆறாந்தேதி வருது. ஏழாந்தேதி சம்பளம் போடணும். ஒரு மூணு நாள் தள்ளிக்கிடலாமா?"

"ரூல்னா ரூல்தான் மேடம். நீங்க ஒருத்தர் இல்லேன்னா நின்னுடுமா என்ன? சிஸ்டம் பாத்துக்கும்."

"சரி சார்" என்றாள் மில்ட்ரெட். போன மாதம்தான் அவன் சொல்லச் சொல்ல ஒரு புது விதியையும் அவள் தட்டச்சு செய்திருந்தாள்: பிரேக்கில் உள்ளவர் எக்காரணம் கொண்டும் வளாகத்துக்குள் வரக்கூடாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் புனே கேம்பில், சிவாஜி மார்க்கெட்டில், ஒரு வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேடம், லம்புன்னா யாரு?"

"எந்த லம்பு சார்? பிரஸ் ஷாப் லம்புவா, பெயின்ட் ஷாப் லம்புவா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். ஓவர்டைம் கணக்கை சூப்பர்வைசர்கள் கையால் எழுதித் தருவார்கள், மராத்தியில், செல்லப் பெயர்களில். நெட்டையன் லம்பு. தொப்பி போட்டவன் டோப்பி. சந்தோஷ் என்று ஐந்து பேர். அதில் ஒருவன் 'கடன் வாங்கின சந்தோஷ்', இன்னொருவன் 'கொடுத்த சந்தோஷ்'. இவர்களில் யாருக்கு எத்தனை மணி என்று இரண்டு மணிக்குள் ஏஜென்சிக்கு அனுப்பாவிட்டால், முந்நூறு வீட்டில் நாளைக்குச் சம்பளம் விழாது. போனில் எட்டுப் பெயர் கேட்டதோடு கௌஷிக் பட்டியலைக் கீழே வைத்துவிட்டான்.

"ப்ளீஸ் மேடம், கேப் அனுப்பறேன். வந்துடுங்கோ."

மீன் பையோடு அவள் ரஞ்சன்காவ் வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். கேட்டில் காவலர் ஷிந்தே கையை விரித்தார். "மேடம், கார்டு பந்த்."

அதுவும் சரிதான், பிரேக்கில் உள்ளவரின் கார்டு அன்று வேலை செய்யாது. விசிட்டர் பாஸ் போடலாம் என்றால், பாஸுக்கு அனுமதி கேட்டு வரும் செய்தி அலுவலக உதவியாளரின் போனுக்குத்தான் போகும். மில்ட்ரெட்டின் பைக்குள் போன் கிணுங்கியது. 'மில்ட்ரெட் என்பவர் உங்களைப் பார்க்க வந்திருக்கிறார். அனுமதிக்கலாமா?' அவள் 'சரி' என்று அழுத்தினாள். 'அனுமதி அளித்தவர் பணியில் இல்லை' என்று பதில் வந்தது.

கௌஷிக் ஓடி வந்தான். "ஷிந்தே, உள்ளே விடுங்கள்" என்று இந்தியில் சொன்னான். ஷிந்தே சுவரில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினார். கீழே கௌஷிக்கின் கையெழுத்து இருந்தது.

வேறு வழியில்லாமல் ரோட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் அலுவலகம் திறந்தது. காகிதங்கள் பறக்காமலிருக்க மேலே டீ கிளாஸ்கள். கௌஷிக் மடியில் லேப்டாப். மில்ட்ரெட் பேனாவைத் திறந்தாள், பிறகு மூடினாள்.

"சார், ஒரு சந்தேகம். இன்னிக்கி நான் யாரு?"

"என்ன மேடம் இது?"

"கம்பெனி ரோல்ல இல்ல. ஏஜென்சி ரோல்லயும் இல்ல. பெஞ்சு ஒடிஞ்சு விழுந்தேன்னா இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில சேக்க மாட்டான். சும்மா ரோட்டுல போற பொம்பளை உங்க கணக்க எப்படி சார் தொடலாம்? ரூல் இருக்குல்லா."

கௌஷிக் கடிகாரத்தைப் பார்த்தான். "என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்கோ."

"சேஃப்டி வகுப்பு எடுக்க வெளிய இருந்து ஒருத்தர் வாராருல்லா. அவருக்கு அரை நாளைக்கு நாலாயிரம். பில்லு நான்தான் போடுதேன்."

அவளுடைய ஒரு நாள் சம்பளம் எழுநூற்றுச் சொச்சம். அந்த ரேட்டைத்தான் அவள் தனக்கும் கேட்டாள். கௌஷிக் ஒரு தாளில் 'வெளி ஆலோசகர், அரை நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பிறகு வேலை பறந்தது. அவள் பெயர் சொல்ல, அவன் அடித்தான். சூப்பர்வைசர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்து சந்தேகம் தீர்த்தார்கள். டோப்பி இரண்டு வாரமாகத் தொப்பி போடுவதில்லை என்ற தகவலும் வெளிவந்தது. வெயிலில் மீன் கெட்டுவிடும் என்று டீக்கடைக்காரியிடம் பையைக் கொடுத்தாள்; கடைக்காரி மிளகாயும் மஞ்சளும் தடவிக் கல்லில் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுத்தாள். கௌஷிக் சைவம். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, பெஞ்சின் மறு நுனிக்கு நகர்ந்து, அங்கிருந்தபடி மூன்றாவது சந்தோஷின் எண்ணை அடித்தான். ஒன்று ஐம்பதுக்குக் கணக்கு ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அவள் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய, கணவன் எட்மண்ட் சட்டியை அடுப்பில் வைத்துக் காத்திருந்தான்.

"மீன் எங்க?"

"கம்பெனி தின்னுட்டு" என்றாள் மில்ட்ரெட்.

மறுநாள் அவள் புது ஆளாகச் சேர்ந்தாள். புது ஆட்களுக்கான வகுப்பில் உட்கார்ந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று பத்தாவது முறையாகக் கற்றுக்கொண்டாள். ஆலோசகரின் பில் அவள் மேஜைக்கே வந்தது. பான் கார்டு நகல் இணைக்கவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினாள். அப்புறம்தான் பாஸ் செய்தாள்.

கௌஷிக் மோசமானவன் இல்லை. அவளை நிரந்தரமாக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: 'பரிந்துரைக்கப்பட்டவருக்கு நிறுவனத்தில் மூன்று வார அனுபவம் மட்டுமே உள்ளது.'

அதை அவளிடம் காட்ட அவனுக்குச் சங்கடம். மில்ட்ரெட் வாங்கி வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"தப்பு ஒண்ணும் இல்லயே சார். தேதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க."

"சாரி மேடம். வேற ஏதாவது பண்ணணும்னா சொல்லுங்கோ."

"அடுத்த பிரேக்கையும் சம்பளத்துக்கு மொத நாளே போட்டிருங்க" என்றாள். "ஆலோசகர் ரேட்ட மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

கௌஷிக் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் காலண்டரை எடுத்து அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டான். மில்ட்ரெட் தலைமை அலுவலகக் கடிதத்தில் இரண்டு துளை போட்டு, தன் பெயர் எழுதிய கோப்பில் கோத்தாள். அடுத்த கோப்பு, கடன் வாங்கின சந்தோஷுடையது, அவனுக்குத் திங்கட்கிழமையோடு பதினோரு மாதம் முடிகிறது.