நோன்பு மாதத்தில் எண்ணிய குடங்கள்

கிராமங்களின் குடிநீர்த் தேவையைக் கணக்கெடுக்கும்போது, ஊரின் வழக்கமான நீர்ப் பாவனை நடைபெறும் நாட்களில்தான் கணக்கெடுக்க வேண்டும். திருவிழா, அறுவடை, மரணச் சடங்கு போன்ற விசேட காலங்களைத் தவிர்க்க வேண்டும். அரசாங்கச் சுற்றறிக்கையின் ஆறாம் பந்தியில் இது இருந்தது. ஏழாம் பந்தி, கணக்கெடுப்போருக்கான பிரயாணப் படியைப் பற்றியது. ஏழாம் பந்தியை எல்லோரும் வாசித்திருந்தார்கள்.

நான் மாத்தளை நகரில் வேறொரு அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக, அதாவது தலைமைக் கிளாக்கராக, இருந்தேன். தண்ணீர் எங்கள் கந்தோரின் வேலையல்ல. ஆனால் சுற்றறிக்கைகள் எல்லாக் கந்தோர்களுக்கும் வரும். வருவதை வாசிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது.

எங்கள் ஊர் ரத்தோட்டை வீதியிலிருந்து பிரிந்து இறங்கும் ஒரு சரிவில் இருக்கிறது. மேலே தேயிலைத் தோட்டம், கீழே வயல். நடுவில் பள்ளிவாசலும் வீடுகளும் மிளகுக் கொடிகளும். கிணறு வயலோரத்தில். அதற்கு இறங்கும் பாதை, மழையில் வழுக்கும், வெயிலில் சரளைக்கல் உருளும். தோட்டத்து எல்லைக்கு மேலே வற்றாத ஓர் ஊற்று இருந்தது. அங்கிருந்து ஒரு குழாய் போட்டால் தண்ணீர் தானாகவே இறங்கி வரும். இதைக் கேட்டு ஊர் மக்கள் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள்.

என் மூத்த சகோதரிக்கு, அதாவது ராத்தாவுக்கு, அந்தக் குழாய் வந்தே ஆகவேண்டும். முந்திய வருடம் நிறைகுடத்தோடு அந்தப் பாதையில் விழுந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர் அவர். இனிச் சரிவில் பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பெண் பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். ஆகவே ராத்தா சரிவில் பாரம் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். அவருடைய கணவர், என் மச்சான், தூக்கலாமே என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து மச்சான்மாரை அறியாதவர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். அந்த வருடம் நோன்பு பெப்ரவரியில் வந்தது. கணக்கெடுப்பாளர்களும் அப்போதுதான் வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பட்டதாரி இளைஞர் ஒருவர் தலைமை. அவருக்குக் கீழே எண்ணுவதற்கு இரண்டு ஆட்கள். எண்ணுகிற இருவரும் ஒரு வாரம் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை கிணற்றடி மரத்தின் கீழ் உட்கார்ந்து, இறைக்கப்படும் ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு கோடு போட்டார்கள். இளைஞர் வீடுவீடாகப் போய், குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் போதுமாக இருக்கிறதா என்று கேட்டார். பிறகு கடைசி பஸ்ஸில் மாத்தளைக்குத் திரும்பினார்கள்.

பெருநாள் கழிந்து சில வாரங்களில் அறிக்கை ஆங்கிலத்தில் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு வந்தது. அவர்கள் அதை என்னிடம் தந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, பள்ளிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வைத்துத் தமிழில் சொன்னேன். விஞ்ஞான முறைப்படி நடத்தப்பட்ட ஆய்வில், தற்போதுள்ள கிணற்றின் நீர் ஊரின் தேவைக்குப் போதுமானது என்றும், பகல் வேளையில் கிணறு பெரும்பாலும் பாவிக்கப்படுவதே இல்லை என்றும், வீட்டுக்காரர்களில் ஏறக்குறைய எல்லோரும் திருப்தி தெரிவித்தார்கள் என்றும் தெரிய வந்துள்ளதால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

பிறகு கடைக்காரர் துணியால் மேசையைத் துடைத்தபடி கேட்டார்.

"கிளாக்கர் நானா, அப்ப எங்கட கெணத்துல தண்ணி மிச்சமாம். கொழும்புக்கு ரெண்டு பவுசர் லொறில அனுப்பிவப்பமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அவர் மிளகும் பாக்கும் வாங்கி விற்பவர். அச்சடித்த தாளுக்கு மிகுந்த மரியாதை கொடுப்பவர்.

"சிரிக்க வாணாம். படிச்ச மனுசன்மார் ஒரு கெழம குந்தி எண்ணீக்கிறாங்க. நாம ஒரு நாளாச்சும் எண்ணினமா? போதும்டு ஆராய்ச்சில வந்தா போதும்தான்."

"ஒங்கட பொஞ்சாதிட இடுப்பையும் எண்ணினாங்களா நானா?" என்றார் கடைக்காரர்.

"அது வேற விசயம்."

"எனக்கின்டா இந்த ஆராய்ச்சி எல்லாமே பொய். சுருட்டு குடிச்சா நெஞ்சுல நோய் வருத்தம் வாரண்டும் இவனுகதான் சொல்றானுகள்." கடைக்காரர் காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்துப் பற்றவைத்தார்.

அந்தக் கடையில் அன்று நான் கண்ட இரண்டு கட்சிகளையும் அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் கண்டிருக்கிறேன். ஆராய்ச்சி என்று எழுதியிருந்தால் தன் மனைவியின் இடுப்பைக்கூட நம்ப மறுப்பவர் ஒருவர். ஓர் ஆராய்ச்சி பிழையாகிவிட்டது என்பதால் தனக்கு வசதியில்லாத எல்லா ஆராய்ச்சியையும் தூக்கி எறிபவர் மற்றவர். இருவருக்கும் ஒரு பெரிய ஒற்றுமை உண்டு: இருவருமே அறிக்கையை வாசிப்பதில்லை.

நான் வாசித்தேன். கடைசிப் பக்கத்தை எல்லோரும் வாசிப்பார்கள். அங்கே முடிவு இருக்கும். ஒரு கந்தோர்க் கோவையைப் பார்க்கப் பழகியவன் முதற் பக்கத்திலிருந்து தொடங்குவான். யார் போனார்கள், எப்போது போனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள். இந்த நான்கும் நேர்மையாக எழுதப்பட்டிருந்தன. அந்த இளைஞரை அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. நேர்மையாக எழுதப்பட்ட பிழையைத் திருத்தலாம்.

ராத்தாவிடம் போனேன். குசினியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு சட்டித் தண்ணீரில் மூன்று தரம்.

"ராத்தா, அந்தப் பொடியன் வந்து கேட்ட நேரம் நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ற? தண்ணி போதுமான்டு கேட்ட. அல்ஹம்துலில்லாஹ், போதும் மகன்டு சொன்ன."

"போதுமா?"

"எங்க போதும்? பொடவ கழுவி நாலு நாளாகுது."

"அத அவருக்கிட்டச் சொல்லீக்கலாமே."

ராத்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நோம்பு வாயோட, வாசலுக்கு வந்த மனுசன்கிட்ட, அல்லாஹ் தந்த தண்ணி பத்தாதுன்டு சொல்றதா? கவுர்மெந்து சம்பளம் எடுக்கத் தொடங்கி ஒனக்கு மார்க்கமும் மறந்து போய்ட்டா?"

ஊரில் எல்லாப் பெண்களும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் 'போதுமா' என்ற கேள்விக்குப் 'போதாது' என்று பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. சோற்றைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான், சம்பளத்தைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். நோன்பில் கேட்டால் சொல்லவே வேண்டாம். அந்த இளைஞர் தண்ணீரை அளக்க நினைத்து எங்கள் இறைபக்தியை அளந்துகொண்டு போயிருந்தார். அது நிறைவாகவே இருந்தது.

"கெணத்தடிக்கு அந்தக் கெழமை நீங்க போகல்லியா?"

"சஹர் சாப்பாட்டுக்கு முந்திப் போன. பொறகு அவனுகள் பஸ்ஸுக்குப் போனதும் போன. நடுப்பகல்ல எதுக்குப் போற? அடுப்பு பத்தவச்சாத்தானே? அதோட கெணத்தடில ரெண்டு ஆம்புள குந்திக்கிட்டு ஈந்தா எந்தப் பொம்புள எறங்கிப் போவா?"

கேட்பதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

மறுவாரம் மாத்தளையில் அந்த இளைஞரைப் போய்ப் பார்த்தேன். முடிவை மாற்றித் தரும்படி மேலதிகாரிக்கு விண்ணப்பிப்பதுதான் வழக்கமான வழி. அது மேலதிகாரியின் மேசையில் வயதாகும். கணக்கெடுத்தவரே மறு கணக்கெடுப்புக்குச் சிபாரிசு செய்தால் அதை மறுப்பது கடினம். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனால் எல்லாச் சுற்றறிக்கைகளையும் வாசித்தவனுக்குத் தெரியும்.

அவர் கோபமாகத்தான் தொடங்கினார்.

"ஐயா, நான் ஒண்டையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எண்ணினது எண்ணினபடி கிடக்கு."

"தம்பி, எண்ணினதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நோம்பு மாசம்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். பகலிலை ஒரு தேத்தண்ணி குடிக்க றோட்டுக்கு ஏறிப் போனது எனக்குத் தெரியாதே? ஆனா படிவத்திலை அதுக்கு ஒரு நிரல் இல்லை."

"அப்ப கொழும்புல வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

நான் ஆறாம் பந்தியை அவர் முன் வைத்தேன். பெண்கள் பகலில் ஏன் கிணற்றுக்கு வரவில்லை என்பதையும், ராத்தா சொன்ன 'போதும்' எப்படிப்பட்ட போதும் என்பதையும் சொன்னேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். காது மடல் சிவந்தது.

"அப்ப ஆராய்ச்சியை நம்பவேண்டாம் எண்டு சொல்லுறியளோ?"

"நம்புறதாலதான் திரும்பச் செய்யச் சொல்றேன். நம்பாதவன் பஸ்ஸுக்குக் காசு குடுத்து இங்க வரமாட்டான்."

அதற்கு அவர் கொஞ்சம் சிரித்தார். மறு கணக்கெடுப்புக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினார். பெண்களிடம் பேச ரத்தோட்டைப் பக்கத்து அரசாங்க மருத்துவிச்சியை அனுப்புவது அவருடைய யோசனை. 'போதுமா' என்று கேட்கவே கூடாது என்பது என்னுடையது. கடைசியாக எப்போது கிணற்றுக்குப் போனீர்கள், யார் போனது, தண்ணீர் இல்லாமல் எந்த வேலை தள்ளிப்போனது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதால் எவருடைய நன்றியுணர்வுக்கும் பங்கம் வராது.

ஆவணி வெயிலில் மறு கணக்கெடுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், தேநீர்க் கடையில் இரண்டு கட்சிகளும் முதல்முறையாக ஒன்றுபட்டன. ஊரிலுள்ள எல்லாப் பெண்களையும், இருக்கிற எல்லாக் குடங்களோடும், நாள் முழுக்க கிணற்றுக்கும் வீட்டுக்குமாக அனுப்புவது. இறைத்த தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டுத் திரும்ப இறங்குவது.

"போன முறை கொறச்சி எண்ணினானுகள். இந்த முறை கூட்டி எண்ணட்டும். கணக்கு சரியாப் போகும்," என்றார் கடைக்காரர்.

"சரியாப் போகாது. ரெண்டு பொய்யாப் போகும்," என்றேன். "ஒங்கட வாழைக்கு ஊத்துற தண்ணிக்கும் சேத்துக் குழாய் கேட்டா, செலவு கூடன்டு மறுபடி தள்ளிடுவாங்க. பொறகு எங்கட ஊர்ல உண்மையாவே தாகம் வந்தாலும் எவனும் நம்பமாட்டான்."

"நீங்க அவங்கட பக்கமா, எங்கட பக்கமா?" என்று மச்சான் கேட்டார்.

"ராத்தாட பக்கம்."

திட்டம் கைவிடப்பட்டது. சில வீடுகளில் பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனார்கள் என்பது உண்மை; அதைப் பொய்யென்று சொல்ல முடியாது.

மருத்துவிச்சியும் அவருடைய தோழி ஒருவரும் கிணற்றடியில் விடியும் முன்பிருந்து இருட்டும்வரை இருந்தார்கள். வீடுகளுக்கும் போனார்கள். ராத்தாவின் வீட்டில் மட்டும் அரைநாள் போயிற்று. எந்தப் புடவை எத்தனை நாளாகக் கிடக்கிறது, எந்த மூலையில் கால் வழுக்கியது, குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கும் கல் எது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தாளில் இடமில்லாமல் பின்பக்கத்திலும் எழுதியதாக மருத்துவிச்சி பிறகு என்னிடம் முறையிட்டார். ராத்தா கடைசியில் மறக்காமல் சொன்னாராம்: "இருந்தாலும் போதும் மகள், அல்ஹம்துலில்லாஹ்." மருத்துவிச்சி அதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவும் அவர் சொன்னதுதானே.

இன்றும் பத்திரிகையில் ஏதாவது ஓர் ஆய்வு முடிவு வந்தால், பென்ஷன்காரன் என்ற உரிமையில் ஆட்கள் என்னிடம் வந்து இதை நம்பலாமா என்று கேட்கிறார்கள். முதற் பக்கம் எங்கே என்று கேட்பேன். பெரும்பாலும் அவர்களிடம் இருக்காது, பத்திரிகையிடமும் இருக்காது. கிடைக்கும்வரை நம்பவும் வேண்டாம், சுருட்டைப் பற்றவைக்கவும் வேண்டாம் என்பேன். முதற் பக்கத்தைக் காட்டுகிற ஆய்வை, பிழையாக இருந்தாலும் நம்பத் தொடங்கலாம். எங்கே பிழை நேர்ந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கிணற்றடியில் கோடு போட்டவர்கள் இல்லாதிருந்தால் எங்கள் ஊருக்கு இருந்திருப்பது ஒரு விண்ணப்பமும் நிறையப் பெருமூச்சும்தான்.

பதிலுக்குக் காத்திருந்தோம். ஐப்பசி மழை வந்து பாதை வழுக்கியது. ராத்தா குடத்தைச் சிறிதாக்கிக்கொண்டு இரட்டிப்புத் தடவை இறங்கினார். மறு வருட நோன்பும் வந்து பெருநாளும் கழிந்தது. நான் நினைவூட்டல்கள் அனுப்பினேன்; நினைவூட்டல் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு, அதில் கோபம் தெரியக்கூடாது.

பதில் என் கந்தோர் முகவரிக்கு வந்தது. பத்து வரிகூட இல்லை. முந்திய முடிவு இரத்துச் செய்யப்படுகிறது, ஊற்றிலிருந்து குழாய் போட அனுமதி வழங்கப்படுகிறது. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ராத்தா வாசலில் குடத்தை இடுப்பின் நல்ல பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார். நின்றபடியே வாசித்துச் சொன்னேன்.

"குழாய் எந்த எடம் மட்டும் வரும்?" என்று கேட்டார்.

"பள்ளிவாசல் முடக்கு மட்டும்."

அவர் திரும்பி, வாசலிலிருந்து பாதை திரும்பும் அந்த முடக்கு வரையான தரையைப் பார்த்தார். சமதரை. குடத்தைக் கீழே வைத்தார். மச்சான் உள்ளேயிருந்து வந்து, அதை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பாதையில் இறங்கினார். குழாய் வந்து சேரும்வரை இறங்கத்தான் வேண்டும் என்பதை அவரும் விளங்கிக்கொண்டிருந்தார்.

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கந்தோர்ப் பழக்கத்தில் கடிதத்தின் மேல் மூலையில் எழுதினேன்: கிடைத்தது, மார்ச் 5, செவ்வாய்க்கிழமை.