அமுதவல்லி பார்த்திராத மேனேஜர்

புதுச்சேரியில் எங்கள் உப்பளம் தெருவில் இருக்கும் அமுதவல்லி அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மும்பையில் இருக்கும், ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு மனிதர் நன்றாக இருக்கிறாரா என்று மாதாமாதம் விசாரிப்பார்.

அக்கா பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். ஆலையை மூடி வெகுநாள் கழித்துக் கைக்கு வந்த இரண்டு லட்சத்தை ஒரு ஃபண்டில் போட்டிருந்தார். அரசும் கம்பெனிகளும் ஓரிரு வருடத்துக்கு வாங்கும் கடனுக்கான பத்திரங்களை அந்த ஃபண்டு வாங்கும். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று ஒரு மேனேஜர் நாள்தோறும் பார்த்து முடிவெடுப்பார். லாபம் உறுதி கிடையாது, கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும் என்று ஏஜென்ட் சிந்துஜா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

அடுத்து வரும் தை மாதம் கோரிமேட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு கடை காலியாவதாக இருந்தது. அட்வான்ஸ் இரண்டு லட்சம். தள்ளுவண்டியில் கஞ்சி விற்கும் அக்காவுக்கு அந்தக் கடை வேண்டும். மழை வந்தால் நோயாளிகள் உட்கார்ந்து குடிக்க ஒரு கூரை.

சீட்டு பிடிப்பவரின் வீடு தெரியாமல் எங்கள் தெருவில் யாரும் பணம் கட்டமாட்டார்கள். அதனால் அக்கா அந்த மேனேஜருக்கு மனதுக்குள் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். கடலைப் பார்த்த ஜன்னல். வீராம்பட்டினத்தில் மீனவர்கள் அலை பார்த்துப் படகை மேலே இழுத்து வைப்பதுபோல, அவர் விடியலில் எழுந்து பத்திரங்களை இடம் மாற்றி வைப்பார். கஞ்சி கொதிக்கும்போதெல்லாம் அக்காவின் கண்ணில் அந்த ஜன்னல்தான்.

ஐப்பசியில், அந்த மேனேஜர் வேலையை விட்டுவிட்டார் என்றாள் சிந்துஜா.

"போயிட்டாரா? சீட்டு பிடிக்கிறவன் ஊரை விட்டுப் போனா இன்னா ஆவும்னு தெரியாதா உனக்கு?"

"அக்கா, அவர் எதையும் பையில போட்டுக்கினு போவல. எல்லாம் ஃபண்டு பேர்லயே இருக்குது. பாத்துக்கிற ஆள்தான் மாறியிருக்காங்க. இப்ப ஒரு அம்மா வந்திருக்காங்க."

"இப்பவே எடுத்துடவா?"

"எடுக்கலாம். உங்க இஷ்டம்."

அக்காவுக்கு ஆலை நினைவு வந்தது. ஆலையில் ஷிப்டு மாறும்போது இயந்திரம் நிற்காது. வருகிறவள் முதலில் வரிசை நெடுக நடந்து, எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

"அந்தம்மா ஒரு சுத்து சுத்திப் பாக்கட்டும். அடுத்த மாசம் சொல்றேன்."

அந்த ஒரு மாதம் ஜன்னல் தெரியவே இல்லை. கஞ்சி இரண்டு முறை அடிபிடித்தது.

மறு மாத அறிக்கையைச் சிந்துஜா போனில் படித்தாள். புதியவர் இரண்டு கம்பெனிகளின் பத்திரங்களை விற்றுவிட்டு, இன்னும் சீக்கிரம் தவணை முடிகிற பத்திரங்களை வாங்கியிருந்தார்.

"அறுந்ததைப் பாத்து எடுத்துட்டாங்க," என்றார் அக்கா. பணத்தை அப்படியே விட்டார்.

தையில் பணம் எடுக்கப் போனபோது அட்வான்ஸ் போகக் கொஞ்சம் மேலேயே இருந்தது. ஐயாயிரத்தை மட்டும் அக்கா எடுக்கவில்லை.

"அதையும் எடுத்தா நாலு பெஞ்சு வாங்கலாமேக்கா?" என்றாள் சிந்துஜா.

"எல்லாரும் எடுத்துட்டா ஃபண்டை மூடிடுவாங்க. அந்தம்மா வேலைக்கு எங்க போவும்?"

புதுக் கடையில் முதல் கஞ்சி கொதித்தபோது அக்காவின் கண்ணில் அந்த ஜன்னல் திறந்திருந்தது.