இரும்பு மாத்திரையும் தேத்தண்ணியும்

எழுபதுகளின் கடைசியில் என் அக்கா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அத்தான் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் அக்கா எங்களோடு தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலேயே தங்கிக் கொழுந்து எடுக்கப் போய்வந்தாள். தோட்டத்து டிரெஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர், கம்பவுண்டர் எல்லாம். அவர் அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"ரத்தமே இல்லம்மா இந்தப் பிள்ளைக்கு. இரும்பு மாத்திரை தர்றேன். ஒரு நாளும் விடக்கூடாதுலா," என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா விடவில்லை. மற்ற பெண்கள் அந்த மாத்திரையை வாங்கித் தேயிலைச் செடிக்குள் வீசிவிடுவார்கள். வயிற்றைப் பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும், பிள்ளை பெருத்துவிடும் என்று ஆயிரம் காரணம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஆனால் விடியற்காலைக் குளிரில் பச்சைத்தண்ணீர் குடித்தால் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சளி பிடிக்கும் என்று, அம்மா தேத்தண்ணியோடுதான் மாத்திரையைக் கொடுப்பாள். "நல்லா சாயம் இறங்கட்டும், அப்பதான் ரத்தம் ஊறும்" என்று கறுக்கக் கறுக்கக் காய்ச்சுவாள். தூளுக்கு எங்களுக்கு என்ன பஞ்சம்?

அக்காவின் உதடு வெளுத்தே இருந்தது. மேடு ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டிரெஸ்ஸர் மாத்திரையைக் கூட்டினார். "பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு நாளைக்கு வேண்டியதுக்கு மேலயே குடுக்குறேன். எங்கதான் போகுது?" என்று அலுத்துக்கொண்டார். மாத்திரை கூடியதும் தேத்தண்ணியும் கூடியது.

பிள்ளை பிழைத்தது. அக்கா பிழைக்கவில்லை. எந்தப் பிரசவத்திலும் போகிற ரத்தம்தான் போனது என்றாள் மருத்துவச்சி. அதைத் தாங்கக்கூட அவள் உடம்பில் தெம்பு இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

எண்பதுகளில் நான் உண்டானேன். கம்போங் ராஜா கிளினிக்கில் இருந்த தமிழ் நர்ஸ் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டும்போதே சொன்னாள்: "தேத்தண்ணியோட போடாதீங்கக்கா. அது இரும்ப உடம்புல சேரவிடாது. எத்தன மாத்திர போட்டாலும் வீணாத்தான் போகும்."

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டிரெஸ்ஸரின் கணக்கில் தப்பில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும், மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது, இரண்டும் அவருக்குத் தெரியும். அக்கா அதை எதோடு விழுங்குகிறாள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நாங்களே கிள்ளிய கொழுந்தின் சாயத்தோடு.

மறுநாள் காலை அம்மா மாத்திரையும் தேத்தண்ணியுமாக வந்து நின்றாள். எனக்கு வெறும் சுடுதண்ணீர் போதும் என்றேன்.

"ஏன், நர்சு எதுவும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. தேத்தண்ணி வாசம் கொமட்டுது."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்கக்கா இப்படியெல்லாம் படுத்தமாட்டா. நான் குடுத்தத ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டா, பாவம்."