முத்திருளப்பன் வெட்டிய நெல்லி மரங்கள்

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அருப்புக்கோட்டையில் ஒரு பைப்புக் கடையில், சொட்டுநீர் வடிகட்டிக்கு மாற்று வலை வாங்க நின்றிருந்தேன். காலை பத்து மணி. தங்கை பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, அவுக தோட்டத்துல கெடக்காக. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குறாக" என்றாள். அவள் அழவில்லை. அழாததிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கடைக்காரர் வலையை நீட்டிக்கொண்டிருக்க, நான் வெறுங்கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருச்சுழி பஸ் அன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மாரடைப்பு என்றார்கள். முழங்காலில் ஒட்டியிருந்த தோட்டத்து மண் இன்னும் காயவில்லை.

நம் நெல்லி விவசாயிகள் குழுவில் இரங்கல் கூட்டம் போட்டு, என்னை முதலில் பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "தங்கச்சி புருசன்ல, அதான் தாங்கல" என்று நீங்களாகவே சொல்லிக்கொண்டீர்கள். காரணம் அது மட்டுமில்லை. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். பேசினால் பாதியில் மழுப்பிவிடுவேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

என் மாப்பிள்ளை முத்திருளப்பனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆரம்பத்தைச் சொல்லவேண்டும். பருத்தி போட்டுப் போட்டு நொந்துபோய், மேலே வெள்ளையாக உவர் பூத்துக் கிடந்த நிலம் நம்முடையது. பாதிப் பேர் நிலத்தைச் சீமைக்கருவேலத்துக்கு விட்டுவிட்டு விருதுநகர்ப் பக்கம் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தோம். மாப்பிள்ளை மட்டும் ஊர் ஊராகத் தோப்புகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, இந்த உவரையும் தாங்கும், நெல்லி போடுவோம் என்றார். அதுவும் வழக்கம்போல இருபது அடிக்கு ஒன்று இல்லை. வரிசைக்கு வரிசை இருபது அடி, வரிசைக்குள் பத்தடி. கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனவர் நடுக்காட்டில் நின்று சொன்னார்: "ஒண்ணு வீட்டுக்காரன், அடுத்தது விருந்தாளி. எட்டு வருசத்துக்கு விருந்தாளியும் காய்க்கட்டும். கெளை கெளையத் தொட்டுச்சுன்னா விருந்தாளிய அனுப்பிரணும். சம்மதம்னா நடுவோம், இல்லன்னா இப்பவே கலைஞ்சு போயிருவோம்." எல்லோரும் தலையாட்டினோம். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினேன்.

என் தோப்பில் நடந்த கூத்தை மாப்பிள்ளை போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ரகங்களைக் கலந்து நடச் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. ஒரே ரகமாக இருந்தால் ஒரே உயரத்தில் பார்க்க அழகாக இருக்கும் என்று ஆசை. நாலாம் வருஷம் மரம் கொள்ளாத பூ. காய் மட்டும் இல்லை. அவரைக் கூட்டிவந்து காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டுப் பிள்ளை இல்லையேன்னு அழுதா எப்படி? மொறைப்பொண்ணு வேணும்ல?" என்றார். கோபம் வந்தது எனக்கு. அவரோ சிரித்துக்கொண்டே, நான்கு வரிசைக்கு ஒரு வரிசையில் மரங்களின் தலையை வெட்டி, தன் தோப்பிலிருந்து வேறு ரகக் குச்சிகளைக் கொண்டுவந்து ஒட்டுக்கட்டினார். மூன்று நாள் தன் வேலையை விட்டுவிட்டு வந்தார். அந்தக் குச்சிகள் பூத்த வருஷத்தில் என் மரங்களும் காய்த்தன.

அடுத்த சில வருஷங்கள் நமக்கு நல்ல வருஷங்கள். அந்த உவர்க்காட்டிலிருந்து லோடு லோடாகக் காய் போனதைப் பார்த்துப் பாலவனத்தம் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து மண்ணை அள்ளிப் பார்த்தார்கள். நாமும் ஏதோ பிறந்ததிலிருந்தே நெல்லி விவசாயிகள் போலப் பேசிக்கொண்டு திரிந்தோம்.

தப்பு நடந்தது முதல் காய்ப்பிலேயே. நம் ஊரில் ஒரு மரம் முதன்முதலாகக் காய்த்தால், வீட்டுப் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிப் பொட்டு வைப்பார்கள். அதற்குப் பிறகு அது பிள்ளை பெற்ற மரம். அதன்மேல் இரும்பு படக்கூடாது. பெண்கள் எல்லா மரத்துக்கும் கயிறு கட்டினார்கள். எது வீட்டுக்காரன், எது விருந்தாளி என்று நாம் யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளை அன்றைக்கு மதுரைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தோப்பு முழுக்க மஞ்சளைப் பார்த்தவர், "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

எட்டாம் வருஷம் கிளையும் கிளையும் கோத்துக்கொண்டன. உள்ளே வெயில் இறங்கவில்லை. காய் கோலிக்குண்டு அளவில் நின்றது. வாங்க வருகிறவர்கள் தரம் பிரித்துப் பாதியை ஒதுக்கினார்கள். பட்டைக்குள் புழு ஏறியது. கூட்டம் போட்டோம். மாப்பிள்ளை எழுந்து, "மரத்துக்கு வெயிலும் ஒரு சாப்பாடு. பக்கத்துல இருக்கிறவன் எலையில கை வச்சா ரெண்டு பேருக்கும் வயிறு நெறையாது" என்றார். மஞ்சள் கயிறு கட்டிய மரத்தை எப்படி வெட்டுவது என்று முணுமுணுத்தோம். "கூட்டம் சேந்தா ஓட்டுக்கு ஆகும். காய்ப்புக்கு ஆகாதுப்பா" என்றார். அதற்குச் சிரித்தோம். சிரித்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுந்து போனோம்.

அவர் அடுத்த வருஷம் வரை காத்திருக்கவில்லை. அந்த மாசியிலேயே, பறிப்பு முடிந்து மரங்கள் இலையுதிர்த்து நின்றபோது, தன் தோப்பில் விருந்தாளி மரங்களை வெட்டினார். உள்ளூர் ஆட்கள் வர மறுத்ததால் மல்லாங்கிணற்றிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அங்கேதான் அவர் மகள் மாரீஸ்வரியைக் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் அப்போது ஆறு மாதம். பேச்சி வரப்பில் நின்று, "வாயும் வயிறுமா ஒரு பிள்ளைய வச்சிக்கிட்டு இந்த வேலை செய்றீகளே, நீங்க நல்லாருப்பீகளா?" என்று கத்தினாள். மாப்பிள்ளை ரம்பத்தை நிறுத்தவில்லை. வேர்த்து ஊற்ற, வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வாரம் மாரீஸ்வரிக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ரத்த அழுத்தம் ஏறியதுதான் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நானே கூட நின்று கேட்டேன்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம். அதற்கு மறுநாள் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பின்ன? காய்ச்ச மரத்துல கத்திய வச்சவன் வீட்டுல பிள்ளை தங்குமா?" என்றேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துவிட்டேன். நான் வெட்டாமல் விட்டதற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஊரில் அந்தப் பேச்சை யார் ஆரம்பித்தது என்று பிறகு எத்தனையோ முறை விவாதம் நடந்திருக்கிறது. ஆரம்பித்தது நான்தான். உங்களில் ஒன்றிரண்டு பேருக்கு அது தெரியும். நாகரிகம் கருதிச் சொல்லாமலிருந்தீர்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. சம்பந்தி வீடு வரை போய்விட்டது. பேச்சி சோறு வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். மாரீஸ்வரி ஒரு வருஷத்துக்கு மேல் ஊர்ப் பக்கம் வரவில்லை. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பையில் எதையாவது போட்டுக்கொண்டு மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறுவார். சில நாள் அதே பையோடு இறங்கி வருவார். நான் எதிரே பார்த்தால், "வெயிலு சாஸ்தி மச்சான்" என்பார். நானும் ஆமாம் என்பேன்.

பிறகு அந்தப் பொல்லாத கோடை வந்தது. போர்வெல்லில் தண்ணீர் கீழே கீழே போய், மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே காற்று இழுத்தது. மாப்பிள்ளை தோப்பில் பாதி மரம்தான். இருந்த தண்ணீர் அவற்றுக்குப் போதியும் போதாமலும் எட்டியது. மரத்தடியில் சோளத்தட்டையைக் கனமாகப் பரப்பி ஈரத்தைக் காத்தார். அந்த வருஷமும் அவர் காய்கள் பெரிதாக, பளபளவென்று வந்தன. நம் தோப்புகளில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. அப்போதும் அவர் யாரையும் பார்த்து "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. கூப்பிட்டவர்கள் தோப்புக்கெல்லாம் போய்க் கிளை கழித்துக் கவாத்து செய்து கொடுத்தார்.

என் தோப்புக்குக் கூப்பிடாமலே வந்தார். "மச்சான், இப்பவாவது ஒங்க விருந்தாளிகள எடுத்துருவோமா? இன்னும் ஒரு மாசம் போனா ரெண்டும் போயிரும்" என்றார். "வேண்டாம் மாப்ளே, ஒன் தங்கச்சி ஒத்துக்க மாட்டா" என்று என் மனைவி தலையில் பழியைப் போட்டேன். அவள் பாவம், வெட்டச் சொல்லிப் பத்து நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் வெட்டி, என் வீட்டில் ஒன்றும் ஆகாமல் போனால், டீக்கடையில் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. அந்தப் பயம் எனக்கு. ஆடிக்குள் என் தோப்பில் பாதிக்குமேல் செத்துப்போயின. செத்த மரத்தை வெட்ட ஊரில் ஒருவரும் குறுக்கே வரவில்லை.

மாரீஸ்வரிக்கு அதற்கடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. எல்லோரும் போயிருந்தோம். குழந்தையை நீட்டியபோது மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கை சுத்தமில்லம்மா, அப்புறம் தூக்குறேன்" என்றார். அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர். அதன்பிறகும் அந்தப் பிள்ளையை அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. அது தானாக நடந்து வந்து காலைக் கட்டிக்கொண்டால் அசையாமல் நிற்பார்.

ஒரு மத்தியானம் அவர் மோட்டார் ரூம் நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, "மரத்தப் பத்தி நான் சொன்னது எதுவும் தப்பிப் போகலயே மச்சான்?" என்று கேட்டார். "ஒண்ணும் தப்பல மாப்ளே" என்றேன். "அப்ப அந்தப் பிள்ளை ஏன் தங்கல?" என்றார். எத்தனை அடியில் வெயில் இறங்கும், எந்த வேர் எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர் கேட்கிற கேள்வியா இது? டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சு என் வாயில் பிறந்தது என்று காலில் விழுந்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் தரையில் கிடந்த சருகைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வால்வைத் திறக்கப் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் பேச்சியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "பேச்சி, அன்னைக்கு டீக்கடையில அந்த வார்த்தைய மொதல்ல சொன்னது நான்தான்" என்றேன். முறத்தால் என் மூஞ்சியில் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்ணே" என்றாள். "அன்னைக்குச் சாயங்காலமே அவுககிட்ட ஆளு வந்து சொல்லிட்டாக."

"அப்புறம் ஏன்டி என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் கேக்கத்தான் கெளம்புனேன். அவுகதான் கையப் பிடிச்சு நிறுத்துனாக. ஊரு ஆயிரம் சொல்லும் பேச்சி, அதை நான் காதுல வாங்க மாட்டேன், ஆனா மச்சான் எனக்கு ஆகாதத ஒருநாளும் சொல்ல மாட்டாரு, அவரே சொல்றாருன்னா அதுல என்னமோ இருக்கும்னாக. அதுவரைக்கும் நான் சாபம்னு சொன்னதுக்கெல்லாம் சிரிச்சிக்கிட்டுத்தாண்ணே இருந்தாக. அன்னைக்குத்தான் நம்புனாக."

கூட்டத்தில் ஒருவர், மாப்பிள்ளை நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். அவர் ஒட்டுக்கட்டிய வரிசையில் ஆறேழு மரம் பிழைத்திருக்கிறது. அது ஊருக்கே பொது. எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒன்றுதான். அவர் கண்ணால் கண்டு சொன்னதை நான் நம்பவில்லை. நான் வாய்க்கொழுப்பில் சொன்னதை, சொன்னவன் நான் என்பதற்காகவே, அவர் சாகும்வரை நம்பினார். அந்த நம்பிக்கை என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பேன்?