ஏறாமல் நின்றவர்கள்

கண்டக்டரம்மா பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அதனால் என்ன, தெருவில் யாரும் அவரை வேறு விதமாகக் கூப்பிட்டுப் பழகவில்லை. அவர் கணவர் அதே பஸ்ஸின் டிரைவர். பதினோரு வருடம் இருவரும் ஒரே வண்டியில் ஓடியிருக்கிறார்கள். "இவ விசில் அடிச்சாத்தான் நிறுத்துவேன், இவ விசில் அடிச்சாத்தான் கிளப்புவேன். வீட்லயும் அதே சட்டம்தான்" என்று அவர் சொல்லிக்காட்டாத விருந்தாளி கிடையாது.

கண்டக்டரம்மாவுக்கு ஒரு வரம் உண்டு. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், தலை எண்ணிக்கை சொல்லிவிடுவார். ஐம்பத்திரண்டு என்று சொன்னால் ஐம்பத்திரண்டுதான், கூட ஒரு கைக்குழந்தை. கல்யாண வீடுகளில் பந்திக்கு எத்தனை இலை என்று கேட்டுச் சமையல்காரரே இவரிடம் வந்து நின்றதுண்டு.

ஆனால் டெப்போவில் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது அந்த வரம் அல்ல, ஒரு கட்டம். ஒவ்வொரு நடைக்கும் கண்டக்டர்கள் நிரப்பும் தாளில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கட்டங்கள் இருக்கும். கடைசியாக ஒன்று: 'ஏறாமல் நின்றவர்'. பஸ் பிதுங்கி வழியும்போது நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டிய இடம். அதை யார் எழுதினார்கள்? எல்லாரும் ஒரு கோட்டை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ஒரு காலை பஸ் படியிலும் ஒரு காலை வெளியிலுமாக வைத்துக்கொண்டு எண்ணுவார், எண்ணி எழுதுவார்.

மேலாளர் ஒருநாள் கூப்பிட்டு, "ஏறாதவங்களப் பத்தி நமக்கென்னம்மா கவலை?" என்று கேட்டார்.

"ஏறினவங்க வேலைக்குப் போய்ச் சேந்துட்டாங்க சார். ஏறாதவங்கதான் இன்னும் அங்கயே நிக்கிறாங்க."

ஏழு மாதம் விடாமல் எழுதினார். எட்டாவது மாதம் காலை ஏழு பத்துக்கு அந்த வழியில் இன்னொரு பஸ் விட்டார்கள். அதற்காக ஒரு மாலை, ஒரு பாராட்டுப் பத்திரம் எதுவும் வரவில்லை. அந்த பஸ் மட்டும் இன்றுவரை ஓடுகிறது.

இப்படிப்பட்டவர் வீட்டு வாசலில்தான் பாலம் வந்து இறங்கியது.

அதுவரை அந்தத் தெரு ஆற்றங்கரைச் சுவரில் முட்டி நின்ற ஒரு முட்டுச்சந்து. வழி தெரியாமல் வந்தவர்களைத் தவிர வேறு வண்டி வராது. கண்டக்டரம்மாவின் வீடு இந்தப் பக்கம். நேர் எதிரே அவருடைய அக்காவின் மாடி வீடு. நடுவில் பதினெட்டு எட்டு வைக்கும் தூரம்; அதையும் எண்ணி வைத்திருக்கிறார். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். இருந்தாலும் தினமும் நாலு மணிக்குத் தன் வீட்டில் சமைத்ததில் ஒரு பங்கை மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, விந்தி விந்தித் தெருவைக் கடந்து வந்துவிடுவார். இங்கே டீ தயாராக இருக்கும். முப்பது வருடமாக, கண்டக்டரம்மா காலை ஷிஃப்ட் பார்த்த நாட்களிலும், இப்படித்தான்.

பாலத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அழகு அது. இரண்டு கோபுரம், அதிலிருந்து விசிறியாக இறங்கும் கம்பிகள், சாயங்காலம் ஆனால் விளக்கு. முன்பெல்லாம் அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரம் சுற்ற வேண்டும். இப்போது எட்டு நிமிடம். திறப்பு விழா அன்று டிரைவர் தன் ஸ்கூட்டரில் அக்காவைப் பின்னால் உட்கார வைத்து அக்கரைக்குப் போய்வந்தார். "செத்தாலும் பரவாயில்ல, பாத்துட்டேன்" என்று அக்கா கையைத் தட்டினார்.

முதல் மாதம் கார்கள். இரண்டாவது மாதம் லாரிகள். மூன்றாவது மாதத்திலிருந்து சுற்றுலா வண்டிகள். பாலம் முழுதாகப் படத்தில் விழும் இடம் இந்தத் தெருமுனைதான் என்று எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். வேன்கள் வரிசையாக வந்து கண்டக்டரம்மாவின் வாசலை அடைத்து நின்றன. ஜன்னலைத் திறந்தால் வேன், கதவைத் திறந்தால் வேன். எதிர்வீடு என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும்.

அக்காவுக்கு யோகம் அடித்தது. மாடியில் சும்மா கிடந்த மூன்று அறைகளுக்கு வெள்ளை அடித்து 'அறைகள் கிடைக்கும்' என்று பலகை மாட்டினார். ஒரு வாரத்தில் மூன்றும் நிறைந்தன. அறுபத்தெட்டு வயதில் அக்கா முதலாளி ஆனார்.

நாலு மணி டீக்கு வருவது நின்றுபோனது.

"வேல சரியா இருக்குடி, நாளைக்கு வரேன்" என்று போனில் சொல்வார். மறுநாளும் அதே பல்லவி. கண்டக்டரம்மா ஒருநாள் பெரிய சந்திப்பு வரை ஒரு கிலோமீட்டர் நடந்து, அங்கே கடந்து, மறுபடி ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்து அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கையில் நாலு படுக்கை விரிப்பு. பின்னால் சாவி கேட்டு ஒரு குடும்பம். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் யாரோ வெந்நீர் வரவில்லை என்று கத்தினார்கள். கண்டக்டரம்மா வந்த வழியே வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றி எறிந்தார்.

"வாடகைக்கு வந்தவங்க முக்கியமாப் போயிட்டாங்க. வரட்டும், அவளே வரட்டும். நான் இனி போகமாட்டேன்."

"காலு முடியாதவங்க எப்படிம்மா இந்த ரோட்டக் கடப்பாங்க?" என்றார் டிரைவர்.

"அது ஒரு சாக்கு. சிக்னல் வந்துட்டா அந்தச் சாக்கும் இருக்காதுல்ல?"

சொன்னதோடு நிற்கிற ஆளா? மறுநாளே சாலைத் துறை அலுவலகத்தில் போய் நின்றார். இளம் பொறியாளர் ஒருவர் நல்லபடியாகவே பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஒரு கோப்பைப் புரட்டினார்.

"போன மாசமே ஆள் வச்சு எண்ணிப் பாத்தோம்மா. சிக்னல் வைக்கணும்னா ஒரு மணி நேரத்துல எழுபது பேராவது ரோட்டக் கடக்கணும். உங்க தெருவுல ஒன்பது பேர்தான் கடந்திருக்காங்க. தேவை இல்லன்னு முடிவாயிடுச்சு."

"அந்த ஒன்பது பேரும் ஓடத் தெரிஞ்சவங்க சார்."

"புரியுதும்மா. ஆனா எங்க ஃபாரத்துல கடந்தவங்களுக்குத்தான் இடம் இருக்கு."

கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஃபாரத்துல இன்னொரு கட்டம் இருந்துச்சு சார். ஆத்தக் கடக்க எட்டு நிமிஷம். தெருவக் கடக்க ஒரு நாள் பத்தல. கடக்க வந்து, நின்னு, முடியாம திரும்பினவங்கள யாரு எண்ணுவா?"

பொறியாளர் பேனாவை மூடி வைத்தார். "யாராவது எண்ணிக் குடுத்தா நான் மேல அனுப்புறேன். ஆனா மணி வாரியா இருக்கணும். குத்துமதிப்பு ஆகாது."

யாரிடம் போய் குத்துமதிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பாவம்.

வீடு திரும்பிய கண்டக்டரம்மா அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய நடைத் தாள்களை உருவி எடுத்தார். பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டார்: வந்தவர், கடந்தவர், திரும்பியவர். கீழே இருந்தால் வேன்கள் மறைக்கும் என்பதால் மொட்டை மாடியில் நாற்காலி போட்டார். டெப்போவில் கொடுத்த பெரிய நீலக் குடையைக் கைப்பிடிச் சுவரில் கட்டி வைத்தார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஆறு நாள். சாப்பிடும் நேரத்தில் மட்டும் டிரைவருக்குப் பொறுப்பு.

"நான் ரோட்டப் பாத்து ஓட்டினவன். ஆளுங்கள எண்ணி எனக்குப் பழக்கமில்லையே" என்று அவர் இழுத்தார்.

"கத்துக்கோங்க. இன்னும் வயசு இருக்கு."

முதல் நாள் காலையிலேயே தாள் நிரம்பத் தொடங்கியது. மருந்துக் கடைக்குக் கிளம்பிய பெரியவர், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய், ஸ்கூல் பை மாட்டிய இரண்டு சிறுமிகள். வருவார்கள், நிற்பார்கள், ஒரு கால் இறக்குவார்கள், ஏற்றுவார்கள், திரும்புவார்கள். பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்த அதே முகங்கள்தான் என்று அவருக்குத் தோன்றியது.

நாலு மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

வேன்களின் கூரைக்கு மேலாக அவர் தெளிவாகப் பார்த்தார். அக்கா வெளியே வந்தார். கையில் மூடி போட்ட அந்தப் பாத்திரம். விந்தி விந்தி நடைபாதை ஓரம் வரை வந்து நின்றார். ஒரு லாரி போனது, நாலு கார் போனது. அக்கா வலது காலைச் சாலையில் இறக்கினார். ஹாரன் அலறியது. காலை எடுத்துக்கொண்டார். கையைப் பாதி தூக்கி ஒரு காரை நிறுத்தப் பார்த்தார், கார் நிற்கவில்லை. ஏழு நிமிடம் நின்றார். பிறகு பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. "இன்னைக்கும் வேல சரியா இருந்துச்சுடி. நாளைக்கு வரேன்."

கண்டக்டரம்மா, "சரிக்கா" என்று மட்டும் சொன்னார். இத்தனை நாளாக மனதுக்குள் அக்காவைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் அவரையே வந்து குத்தியது.

டீ கொண்டுவந்த டிரைவர் விஷயத்தைக் கேட்டதும், "போ, உடனே கிளம்பு. சந்திப்பு வழியா கொண்டு விடுறேன்" என்றார்.

கண்டக்டரம்மா எழுந்தார். செருப்பையும் மாட்டினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"நான் இப்போ போய் கட்டிப்புடிச்சு அழுதா, நாளைக்கு அவ ரோட்டுக்கு வரமாட்டா. அப்போ இந்தத் தாள் பொய்யாயிடும். எண்ணி முடிச்சுட்டுப் போறேன்."

"ஆறு நாள் தாங்குவியா?"

"எழுதுறேன்ல."

திரும்பியவர் கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். பென்சில் முனை உடைந்தது. அடுத்த ஐந்து நாளும் நாலு மணிக்குக் கதவு திறந்தது, பாத்திரம் வந்தது, திரும்பிப் போனது. மழை பெய்த நாளில்கூட அக்கா வந்தார். அன்று இன்னும் நேரம் நின்றார். ஒவ்வொரு நாளும் ஒன்று. அக்காவிடம் ஓடிவிடலாம் என்று துடித்த காலை அவர் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் பார்த்த வேலையிலேயே கடினமான வேலை இதுதான்.

ஏழாம் நாள் காலை அலுவலகத்தில் பொறியாளர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மணிக்கு நூற்றுப் பத்துப் பேர் வந்திருக்கிறார்கள், நூறு பேருக்கு மேல் திரும்பியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"தினமும் நாலு மணிக்கு ஒன்னுன்னு தனியா வட்டம் போட்டிருக்கீங்களே. ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

"ஒரே ஆள ஆறு தடவை எண்ணலாமாம்மா?"

"ஆறு நாள் வந்தாங்க சார், ஆறு நாளும் திரும்பிப் போனாங்க. ஒருத்தரையே தினமும் விட்டுட்டு வந்தா, தினமும்தான் எழுதணும்." ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்து, "எங்க அக்கா" என்றார்.

அந்தத் தாள்களைப் பொறியாளர் யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. தானே எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனார். அன்று மாலையே கண்டக்டரம்மா சந்திப்பு வழியாக அக்காவைப் போய்ப் பார்த்தார்; எண்ணியதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதத்தில் சிக்னல் கம்பம் நட்டார்கள். பாதசாரிக்கு இருபது விநாடி என்று முதலில் முடிவாகியிருந்தது. முழங்கால் தேய்ந்தவர் பதினெட்டு எட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டக்டரம்மா அலுவலகக் கூடத்தில் நடந்து காட்டினார். முப்பத்தைந்து ஆக்கினார்கள். வேன்கள் நிற்கத் தெருக்கோடியில் இடம் ஒதுக்கினார்கள். பயணிகள் இப்போது அங்கிருந்து நடந்து வருகிறார்கள், வழியில் எல்லாக் கடைகளிலும் கூட்டம்.

சிக்னல் எரிந்த முதல் நாள், நாலு மணி. விளக்கு மாறியது. இரண்டு லாரி, ஒரு சுற்றுலா பஸ், பின்னால் கண்ணுக்கெட்டிய வரை கார்கள், எல்லாம் அப்படியே நிற்க, அக்கா நடுச்சாலையில் ராணி மாதிரி விந்தி விந்தி வந்தார். இந்தக் கரையில் டிரைவர் கைதட்டினார். கண்டக்டரம்மா வாயில் விசிலை வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்; ஊதினால் அழுகை வந்துவிடும்.

டீயை ஊற்றிக்கொண்டேதான் கேட்டார். "ஏன்க்கா பொய் சொன்ன? வேல இருக்கு, வேல இருக்குன்னு?"

"கடக்க முடியலடின்னு சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? பஸ்ஸ நிறுத்துற மாதிரி கைய நீட்டிக்கிட்டு லாரிக்கு முன்னால வந்து நின்னிருப்ப."

டிரைவர் பலமாகத் தலையாட்டினார்.

"அதான் தெரிஞ்சதில்ல, கடக்க முடியாதுன்னு. அப்புறம் ஏன் தினமும் ரோடு வரைக்கும் வந்த?"

"மொதல்ல முடியுமான்னு பாக்கத்தான் வந்தேன். வேன்தான் தெரியும், உன் வாசல்கூடத் தெரியாது. அப்புறம் ஒருநாள் மாடியில உன் நீலக் குடை தெரிஞ்சுது." அக்கா பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். "நீ என்ன பண்றேன்னு தெரியாது. ஆனா குடைக்குக் கீழ நீ இருப்பேன்னு தெரியும். அதப் பாக்கத்தான் வந்தேன்."

டிரைவர் பெருமூச்சு விட்டார். "அப்போ ஆறு தப்பு. கணக்குல ஆறு பேரு கூட எழுதிட்ட. அவங்க கடக்க வரல, உன்னப் பாக்க வந்திருக்காங்க."

கண்டக்டரம்மா டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். எண்ணிக்கை சரி."