நான்தான் அறுக்கச் சொன்னேன்

உலர்ந்த இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று உரசினால் ஓர் ஒலி வரும். முறத்தின் ஓரத்தில் கடைசியாக நகரும் உமியைப் போல, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒலி. சென்ற மாதம் வேலூரில் ஒரு மருத்துவரின் அறையில் அது கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிரே இருந்த டாக்டரம்மா, "உங்க கைதாங்க" என்றார். மடியில் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்னைக் கேட்காமலேயே, இல்லாத ஒரு நூலை முறுக்கிக்கொண்டிருந்தன. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஆரணியிலிருந்து என்று சொல்ல வந்து, அது காலமில்லை, ஊர் என்று நினைவு வர, வாயை மூடிக்கொண்டேன்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள் நான். இருபது வருடம் பின்கட்டு அறையில், கோடுகளோடு, யாருக்கும் தொல்லையில்லாமல் இருந்தேன். இந்த வருடம் முன்மேஜைக்கு மாற்றினார்கள். மனுவோடு வருகிறவர்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் பேச, மின்விசிறி கிறீச்சிட, பதினோராம் நாள் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். அப்படித்தான் வேலூர் போனேன். டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஆட்டிசமாக இருக்கலாம், ஒரே நாளில் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் பரிசோதனை உண்டு, வேண்டாம் என்றாலும் குற்றமில்லை, முடிவு உங்களுடையது என்றார். பரிசோதனைக்கு வருவதானால், சிறு வயதில் உங்களைப் பார்த்த ஒருவரைக் கூட்டிவாருங்கள் என்றார்.

முடிவு என்னுடையதாம். மூன்று வாரம் தூக்கமில்லை. பரிசோதனை செய்து டாக்டரம்மா ஆம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதைவிட, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதே என்னை அரித்தது. இல்லை என்றால், இத்தனை வருடம் என்னை ஊர் சொன்னதெல்லாம் மெய்யாகிவிடும்: "திமிரு புடிச்சது", "அமுக்குணி", "பேஜாரு புடிச்ச பொண்ணு."

ஆனால் அந்தப் பெயர்கள் எனக்கு வந்தது பின்னால்தான். அதற்கு முன் எனக்கு நல்ல பெயர் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கொரு குழித்தறி. ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கட்டு, நெய்து முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் தறியில் மிச்சமிருக்கும் பழைய இழையோடு, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதற்குப் "பிணைப்பு" என்று பெயர். ஐயாயிரம் சொச்சம் இழை. மற்றப் பெண்கள் நடுவில் எழுவார்கள், பேசுவார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சலித்துக்கொள்வார்கள். பதினோரு வயதில் நான் உட்கார்ந்தால் சோறு மறந்துவிடும். அழைத்தால் திரும்பமாட்டேன், விருந்தாளி வந்தால் பார்க்கமாட்டேன், விரல் மட்டும் ஓடும். "பிணைப்புன்னா கோமதிதான், தலையத் தூக்கமாட்டா" என்று பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாமா மெச்சுவார். தூக்க முடியாததைத்தான் அவர்கள் மெச்சினார்கள் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. விரல் ஓயாத தெருவில் என் விரலை யார் கவனிப்பார்கள்?

தொண்ணூற்று நாலு ஆனி மாதம். ஒரு முகூர்த்தப் புடவைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஜரிகை வாங்கப் போயிருந்தார். இரண்டு நாள் பிணைத்து முடிக்கும் இடத்தில், புதுப் பாவில் ஓர் இழை துணையில்லாமல் மிஞ்சியது. எங்கோ ஒரு பழைய இழையைத் தாண்டிவிட்டேன் என்று பொருள். இப்படி மிஞ்சினால் அந்த இழையைத் தறிக்குப் பின்னால் தொங்கவிட்டு நெசவை ஆரம்பித்துவிடுவார்கள். தெருவில் வயது வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா பிணைப்பு தோறும் மந்திரம் போலச் சொல்வதுதான்: "ஒரு எழ மாறினா மொத்தமும் மாறிடும். அறுத்துட்டு மொதல்லேர்ந்து வா."

தேடினேன். தாண்டிய இடம் ஆரம்பத்திலேயே, இடது கரைக்குப் பக்கத்தில் இருந்தது. கத்தரியை எடுத்தேன். அங்கிருந்து கடைசி வரை, முடிச்சு முடிச்சாக, இரண்டு நாள் உழைப்பை நிதானமாக, எந்தப் பதற்றமும் இல்லாமல் அறுத்துப்போட்டேன். சரியானதைச் செய்கிறோம் என்ற நிறைவுகூட இருந்தது. தரையெல்லாம் அரக்குச் சிவப்பில் பட்டு நுனிகள்.

அப்பா உள்ளே வந்து, ஜரிகைப் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். "இன்னாடி பண்ணிவெச்ச?"

"நீதானே அறுக்கச் சொன்னே" என்றேன். அது எதிர்த்துப் பேசுவது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

அவர் கையை ஓங்கினார். அடுப்படியிலிருந்து அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து நடுவில் நின்றாள். "அதை ஏன் அடிக்கிறே? நான்தான் அறுக்கச் சொன்னேன்" என்றாள்.

அம்மா அப்போது தறிப்பக்கமே வரவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நான் வாய் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் நீண்ட அவள் கை என் தோளை நகம் பதிய அழுத்தியது. முகூர்த்தம் தப்பியது. அப்பா அம்மாவோடு ஆடி முடியும் வரை பேசவில்லை. "தறிக்காரன் பொண்டாட்டிக்குத் தொங்கவிடக்கூடத் தெரியலையே" என்று தெரு சிரித்தது. அம்மா அதைத் தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள், யாரும் இல்லாத மதியங்களில், கதவைச் சாத்திக்கொண்டு. "கண்ணைப் பாக்க முடியலன்னா பொம்பளைங்களுக்குப் பொட்டைப் பாரு, ஆம்பளைங்களுக்கு மீசையைப் பாரு. மூணு தபா பாத்துட்டுக் கீழ குனிஞ்சிக்கோ, வெக்கம்னு நெனச்சிக்குவாங்க." யாராவது சிரித்தால் ஒன்று எண்ணிவிட்டுச் சிரி. சாவு வீட்டில் எதுவும் சொல்லாதே, கையைப் பிடி, போதும். கைப்பழக்கம் தெரியாமலிருக்க முந்தானை நுனியைக் கொடு விரலுக்கு. இவ்வளவையும் மனப்பாடம் செய்தேன். பள்ளிப் பாடம் எதுவும் எனக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் போளூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் பிளசர் கார் நின்றதும் அம்மா காதருகில் வந்து, "மீச" என்று மட்டும் சொன்னாள். தட்டோடு போனால், மாப்பிள்ளை மழமழவென்று வழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்க்க இடமில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரமோ. கதவோரம் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. அவர் பேனாவை எடுத்து நீட்டி, "வேணும்னா வெச்சிக்கோங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்று எண்ணிவிட்டு நானும் சிரித்தேன். அவர்தான் என் கணவர். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பேர் இருந்தாலும் இல்லைன்னாலும் நீ நீதான், ஆனா உனக்குத் தூக்கம் வரணும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணி போனேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டு அதன்மேல் பிரிஜ் நிற்கிறது. பிணைப்புக்கு ஆள் தேடும் வீடு எங்கள் தெருவில் இன்று ஒன்றுமில்லை. வலது பக்கமும் இடது பக்கமும் விசைத்தறிகள் இரைகின்றன. தறி போனதில் எனக்குத் தனியாக வருத்தம் கிடையாது, அது அப்பாவின் முழங்காலைத் தின்ற தறி. ஆனால் நான் எவருக்கும் வித்தியாசமாகத் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரே இடம் அதுதான்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். செவ்வாய்க்கிழமை வேலூர் வரவேண்டும், என்னுடைய சின்ன வயதைக் கேட்பார்கள் என்றேன்.

"உன் பொண்ணுக்கு நாளைக்கு வரன் பாக்க வேணாமா? காயிதத்துல எழுதிக் குடுத்துட்டா அப்பால யாரு அழிப்பா?" என்றாள். கீரைக் காம்பு குவிந்துகொண்டே போனது. பிறகு என்னைப் பார்க்காமல், "உங்கப்பா கண்ண மூடுற வரைக்கும் நான்தான் அறுக்கச் சொன்னேன்னு நெனச்சிகினு போனாரு. கட்டையில போறப்பகூட நான் சொல்லல. இப்ப எவளோ ஒரு டாக்டரம்மா கிட்ட போய், இல்ல, என் பொண்ணுதான் அறுத்தாள்னு சொல்லச் சொல்றியா?" என்றாள்.

முப்பது வருடம் அவள் என்னை மூடி வைத்திருந்தாள். திறக்கச் சொல்லி நான் வந்திருக்கிறேன். எனக்கு ஒரு பெயர் கிடைப்பதற்கு, இறந்துபோன மனிதரிடம் அவள் காத்த சொல் உடைய வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். நான் ஏறவேண்டிய பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "வேணாம்மா. நானும் போகல. விட்டுடு" என்றேன். மெய்யாகவே சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது, அதற்கு எத்தனை எண்ண வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்ததில்லை.

கண்டக்டர் விசிலடித்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு நாலு அடி நடந்தாள்.

"செவ்வாக்கெழம மொத பஸ்ல வரேன். அதுக்குள்ள நீயா எதையும் ஒளறிகினு இருக்காதே. நான் வந்து சொல்றேன்."